தி விண்ட் ரைசஸ்: பிடித்துப்போன படம், ஒத்துக்கொள்ள முடியாத படம்

நொய்யல்கரை (சிங்காநல்லூர்)

இயக்குநர் மியாசாகியின் 'தி விண்ட் ரைசஸ்' படத்தை நெட்ஃபிளிக்ஸில் மறுபடியும் பார்த்தேன். முன்பு இருந்த குழப்பம் தீரும் என்று நினைத்தால் கூடித்தான் போயிருக்கிறது. இங்கே நம் பக்கத்துப் பட்டறைக்காரர்கள், மில்லில் இருப்பவர்கள், இன்ஜினியரிங் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. 2013இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம். கார்ட்டூன்தானே என்று பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள், அரை மணி நேரத்தில் செல்போனைத் தேடுவார்கள். ஜிரோ ஹொரிகோஷி என்ற நிஜ மனிதரின் கதை. மிட்சுபிஷியில் விமானம் வடிவமைத்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பறக்கவிட்ட ஜீரோ போர்விமானம் அவர் போட்ட டிராயிங். சின்னப் பையனாக இருக்கும்போதே கனவில் காப்ரோனி என்ற இத்தாலிய விமான நிபுணர் வந்து பேசுகிறார். பையனுக்குக் கிட்டப்பார்வை, விமானம் ஓட்ட முடியாது. ஓட்டாவிட்டால் என்ன, செய்யலாமே என்கிறார் காப்ரோனி. அங்கிருந்து படம் கிளம்புகிறது. 1923 பூகம்பம், அன்று ரயிலில் சந்தித்த பெண், பிற்பாடு அவளோடு காதல், அவளுக்குக் காசநோய். நடுவில் எல்லாம் வேலை, வேலை, வேலை.

வெளியானபோது மூன்று பக்கமும் அடி விழுந்த படம் இது. போரைத் துறக்கும் அரசியல் சட்டப் பிரிவில் கை வைக்கக் கூடாது என்று அதே மாதம் மியாசாகி கட்டுரை எழுதினார். ஜப்பானிய வலதுசாரிகள் அவரைத் துரோகி என்றார்கள். கொரியாவிலோ போர்விமானம் செய்தவனைப் போற்றிவிட்டார் என்று கோபம். இது போதாதென்று புகையிலை எதிர்ப்புச் சங்கம் ஒன்று, படம் முழுக்க சிகரெட் என்று புகார் கடிதம் எழுதியது.

எனக்குப் பிடித்த இடங்கள் எல்லாம் பட்டறை சம்பந்தப்பட்டவை. தட்டில் இருக்கும் கானாங்கெளுத்தி முள்ளை எடுத்து அதன் வளைவைப் பார்க்கிறாரே, அந்த இடம். ரிவெட்டின் தலை துருத்தாமல் தகட்டோடு அமுங்கி நிற்க வேண்டும் என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம். நாங்கள் சிஎன்சி மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர்கள், அதாவது மற்ற கம்பெனிகள் தரும் டிராயிங்குக்குப் பாகம் செய்து கொடுப்பவர்கள். கவுண்டர்சிங்க், அதாவது தலை அமுங்கப் போடும் குழி, சரியாக உட்கார்ந்து, விரலால் தடவினால் விளிம்பு தட்டாமல் இருக்கும்போது வரும் சந்தோஷம் வெளியாளுக்குச் சொன்னால் புரியாது. அதைத் திரையில் ஒருத்தர் காட்டிவிட்டார்.

பிடிக்காததும் அங்கேயேதான் இருக்கிறது. எங்களுக்கு வரும் டிராயிங்கில் பார்ட் நம்பர் இருக்கும், மெட்டீரியல் கிரேடு இருக்கும், டாலரன்ஸ் இருக்கும். அது எந்த மெஷினில் எங்கே போய் உட்காரும் என்பது இருக்காது. நாங்களும் கேட்பதில்லை. ஃபர்ஸ்ட் பீஸ் பாஸாகிவிட்டால் ஓட்ட வேண்டியதுதான். ஜிரோவுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. அவருக்கு முழு டிராயிங்கும் தெரியும். எடை கூடுகிறது என்ற பேச்சு வரும்போது, துப்பாக்கியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். அந்தச் சிரிப்பில் என்னால் சேர முடியவில்லை.

கடைசியில் தன் விமானங்களைப் பற்றி, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்கிறார். சரி, வரவில்லை. அவை போன இடத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? படம் வாயே திறக்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

காங்கேயத்தான்

படத்தில் உருப்படியாக வேலை பார்த்தவை அந்த மாடுகள் மட்டும்தானுங்க. உலகத்திலேயே நவீனமான விமானத்தைச் செய்து முடித்துவிட்டு, அதை ஓடுதளத்துக்குக் கொண்டுபோக மாட்டு வண்டி கட்டுகிறார்கள். கதைக்காகச் சேர்த்தது என்று நினைத்தேன், தேடிப் பார்த்தால் நிஜம். 1939இல் ஜீரோவின் முதல் விமானத்தைப் பிரித்து, நகோயா தொழிற்சாலையிலிருந்து ககமிகஹாரா ஓடுதளத்துக்கு மாடு பூட்டித்தான் இழுத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர். ரோடு அந்த லட்சணம், லாரியில் ஏற்றினால் குலுங்கி வீணாகிவிடும் என்று பயம்.

காங்கேயம் காளையாக இருந்திருந்தால் பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். மற்ற தத்துவம் எல்லாம் நீங்கள் பேசுங்கள், நான் படிக்கிறேன்.

வரைபலகை

நான் கோயம்புத்தூரில் 2டி அனிமேஷன் வேலையில் இருக்கிறேன். நொய்யல்கரை சொன்ன ரிவெட் சமாச்சாரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் வைக்கிறேன். அந்தப் படத்தில் விமான இன்ஜின் சத்தம், பூகம்பத்தில் பூமி உறுமும் சத்தம், நீராவி ரயில், இதெல்லாம் மனிதர்கள் வாயால் போட்டவை. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், காற்றாடி சுற்றத் தொடங்கும்போது உதடு துடிப்பது தெரியும். ஒலியும் ஸ்டீரியோ கிடையாது, பழைய படங்களைப்போல மோனோ. ஜிரோவுக்குக் குரல் கொடுத்தவர் நடிகரே அல்ல. ஹிதெயாகி அன்னோ, அவரும் ஓர் அனிமேஷன் இயக்குநர்தான். உணர்ச்சி ஏறாத, தட்டையான குரல். பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அதுதான் சரி என்று பட்டது. ஜிரோ அப்படிப்பட்ட ஆள். எதிரில் இருப்பவர் அழுதாலும் அவர் மனம் இறக்கை அகலத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. மியாசாகி 1941இல் பிறந்தவர். அவர் குடும்பத் தொழிற்சாலையே போர்விமானங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தது, ஜீரோவுக்கும் சேர்த்து. போர்க்காலத்தில் வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. 1945இல் உத்சுனொமியா நகரத்தின் மேல் குண்டு விழுந்த ராத்திரி, சித்தப்பாவின் லாரியில் குடும்பத்தோடு தப்பிக்கிறார்கள். அப்போது அவருக்கு நாலு வயது. கையில் குழந்தையோடு ஒருவர் எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டும் லாரி நிற்காமல் போனதைப் பிற்பாடு அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் ஜிரோவை வெளியே நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஜாப் ஒர்க் பார்த்த வீட்டுப் பிள்ளை அவர்.

சூலூர்ச்சத்தம்

ஏனுங்க, எல்லாரும் சேர்ந்து அந்த மனுசனைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

எங்கள் வீடு சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கூப்பிடு தூரம். 2018இலிருந்து தேஜஸ் போர்விமானம் இங்கேதான் இருக்கிறது. அது கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், தட்டில் போட்ட தோசை ஆறினாலும் பரவாயில்லை என்று பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடும். எங்களுக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அதைச் செய்தவன் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பாவமன்னிப்புக் கேட்க வேண்டுமா?

பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோயம்புத்தூரையும் சேர்த்திருக்கிறார்கள். பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்த ஊர் இனி ராணுவத்துக்கும் செய்யப்போகிறது. நொய்யல்கரை அண்ணாவுக்கு நாளைக்கு அப்படி ஓர் ஆர்டர் வந்தால் வேண்டாம் என்பாரா? இஎம்ஐ யார் கட்டுவது? ஜிரோ வேலையை விட்டிருந்தாலும் போர் நின்றிருக்காது. அவருக்குப் பதில் இன்னொருத்தன் கொஞ்சம் மட்டமான விமானம் செய்திருப்பான். இன்னும் நிறைய ஜப்பான் பையன்கள் செத்திருப்பார்கள்.

படம் நல்ல படம். விடுங்கள்.

அந்தியூர்ச்சந்தை

சூலூர்ச்சத்தம், மட்டமான விமானமாக இருந்தால் இன்னும் நிறையப் பையன்கள் செத்திருப்பார்கள் என்றீர்களே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜீரோ அவ்வளவு லேசாக, அவ்வளவு வேகமாக இருந்ததற்கு என்ன விலை? விமானிக்குக் கவசத் தகடு கிடையாது. பெட்ரோல் டேங்கில் குண்டு துளைத்தால் தானாக அடைத்துக்கொள்ளும் அமைப்பு கிடையாது. கடற்படை கேட்ட தூரமும் வேகமும் வர வேண்டுமானால் எடையைக் கிராம் கணக்கில் குறைத்தாக வேண்டும், குறைத்தார்கள். ஒரு தோட்டா பட்டால் மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். 1944 அக்டோபரிலிருந்து அதே விமானத்தில் குண்டைக் கட்டிப் பையன்களைக் கப்பல் மேல் மோத அனுப்பினார்கள். படம் ரசித்து ரசித்துக் காட்டும் அந்த லேசான உடம்புக்குள் ஜப்பான் பையன்களின் சாவும் சேர்ந்தே இருந்தது.

அப்புறம், இது ஏதோ தூரதேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். ஜீரோ முதன்முதலில் சண்டைக்கு இறங்கியது 1940 செப்டம்பரில், சீனாவின் சோங்சிங் வானத்தில். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு மேல் வந்தார்கள். நாலு நாள் கழித்துத் திருகோணமலை. அந்த ரெண்டுக்கும் நடுவில் ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வாங்கின. அடுத்தது சென்னைதான் என்று ஊரே மூட்டை கட்டியது. வீட்டைப் பூட்டிவிட்டு உள்நாட்டுப் பக்கம் ரயிலேறியவர்களில் நம் மாவட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. அந்தக் காலத்து ஆட்கள் யாராவது வீட்டில் இருந்தால் 'ஜப்பான்காரன் குண்டு' என்று சொல்லிப் பாருங்கள், கதை வரும்.

இன்னொரு வேடிக்கை. அதே 1942இல் பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்க இந்தியாவில் இடம் தேடி, கோயம்புத்தூரில் கடை விரித்தது. எச்.எம்.எஸ். கருடா என்று பெயர். கடலே இல்லாத ஊரில் கப்பல் பெயரோடு ஒரு பட்டறை. ஜிரோவின் விமானத்தை எதிர்த்துப் போனவற்றுக்கு ரிவெட் அடித்தது நம் ஊர். ஆக, இந்தக் கதையில் கோயம்புத்தூர் பார்வையாளர் வரிசையில் இல்லை.

நொய்யல்கரை

கருடா பற்றித் தெரியாது, நன்றி. சூலூர்ச்சத்தம் கேட்டதற்குப் பதில்: ஆர்டர் வந்தால் எடுப்பேன். அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் எடுத்துவிட்டு, நான் வெறும் அழகான பொருள் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஜிரோ அதைத்தான் சொல்கிறார், படம் கூடவே தலையாட்டுகிறது.

ஊத்துக்குளிவெண்ணெய்

இழை முழுவதும் படித்தேன். விமானி, இன்ஜினியர், இயக்குநர் என்று எல்லோரைப் பற்றியும் பேசியாயிற்று. தொழிற்சாலையில் வேலை செய்தவர்களைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

1944இல் கொரியாவிலிருந்து பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளை நகோயாவில் இருந்த மிட்சுபிஷி விமானத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார்கள். ஜிரோவின் கம்பெனி, ஜிரோவின் ஊர். ஜப்பானுக்கு வந்தால் பள்ளிக்கூடம் போகலாம், சம்பளமும் உண்டு என்று பள்ளி ஆசிரியர்களை விட்டே ஆசை காட்டினார்கள். வந்த பிறகு பள்ளிக்கூடமும் இல்லை, சம்பளமும் இல்லை. தகடு அறுப்பது, பெயின்ட் அடிப்பது. அந்த வருஷம் டிசம்பரில் வந்த பூகம்பத்தில் தொழிற்சாலைச் சுவர் இடிந்து அவர்களில் சிலர் அங்கேயே செத்தார்கள். பிழைத்தவர்கள் பாட்டிகளான பிறகும் வழக்கு நடத்தினார்கள். 2018 நவம்பர் 29 அன்று தென்கொரிய உச்ச நீதிமன்றம் மிட்சுபிஷி நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

இதில் படம் செய்யும் வேலையைக் கவனியுங்கள். ஜிரோவின் வளைந்த இறக்கை விமானம் 1935இல் சோதனை ஓட்டத்தில் ஜெயிக்கிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். அடுத்த காட்சியில் ஊர் எரிந்து முடிந்திருக்கிறது, உடைந்த விமானங்கள் குவிந்து கிடக்கின்றன. நடுவில் பத்து வருஷம் ஒரே வெட்டில் போய்விடுகிறது. ஜீரோவே அந்தப் பத்து வருஷத்துக்குள்தான் பிறக்கிறது. சோங்சிங் அதற்குள் இருக்கிறது, கொழும்பு இருக்கிறது, அந்தப் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். 1923 பூகம்பத்தை அவ்வளவு விஸ்தாரமாக, மண் புரளுவதை, ஓடு சரிவதை, கூட்டம் ஓடுவதை வரைந்தவருக்கு 1944 பூகம்பம் கண்ணில் படவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். திருப்பூர்ப் பக்கம் பிறந்தவளுக்கு இந்தக் கதை புதிதில்லை. நம் ஸ்பின்னிங் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்ததே, மறந்துவிட்டதா? மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று தென் மாவட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகளை வேன் வேனாகக் கொண்டுவந்தார்கள். மூன்று வருஷம் முடியும் முன்பு உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பியவளுக்கு அந்தப் பணம் கிடையாது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் ஒருத்தி அப்படிப் போனாள். லீவுக்கு வந்தபோது முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது, எவ்வளவு சீவினாலும் வரவில்லை. அந்த நூலில் நெய்த பனியனும் நல்ல பனியன்தான். அழகாகத்தான் இருக்கும்.

மியாசாகி மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் படங்களில் வரும் பெண்பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால்தான் இந்தப் படத்தில் அந்தப் பிள்ளைகள் இல்லாதது உறைக்கிறது.

சூலூர்ச்சத்தம்

அம்மணி, நீங்கள் சொன்ன கொரியப் பெண்கள் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு படம் எல்லாவற்றையும் காட்ட முடியுமா? காட்டியிருந்தால் அது வேறு படம்.

ஊத்துக்குளிவெண்ணெய்

எல்லாவற்றையும் காட்டச் சொல்லவில்லை. சிகரெட் பற்ற வைப்பதற்குக் கொடுத்த நேரத்தில் பாதி போதும்.

பெருந்துறைவேம்பு

சிகரெட் என்றதும் நானும் வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். பேரன் போட்டுக் காட்டினான்.

பெருந்துறை சானடோரியம் இன்றைக்கு மெடிக்கல் காலேஜாகிவிட்டது. ஆனால் எங்கள் ஊரில் இன்னும் பலருக்கு அது சானடோரியம்தான். ஒரு காலத்தில் சுற்று வட்டாரத்துக் காசநோய்க்காரர்கள் அங்கேதான் போவார்கள். எங்கள் அம்முச்சியின் தங்கை அங்கே படுத்திருந்தார். வெயிலும் காத்தும்தான் மருந்து, சத்தான சாப்பாடு, பேச்சைக் குறைக்க வேண்டும். வீட்டு ஆட்கள் பார்க்கப் போனால் தள்ளி நின்று பேச வேண்டும். அதனால் படத்தில் மலைமேல் சானடோரியத்தில் நோயாளிகளைக் கம்பளியில் சுற்றி வரிசையாக வெளியில் படுக்க வைத்திருக்கும் காட்சி வந்தபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தப் பெண் நவோகோ அங்கிருந்து கிளம்பி வந்து ஜிரோவைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பகலெல்லாம் அவன் ஆபீசில், இவள் படுக்கையில். ராத்திரி அவன் ஒரு கையால் இவள் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டிராயிங் போடுகிறான். சிகரெட் வேண்டும், கையை விடட்டுமா என்கிறான். விடாதே, இங்கேயே பிடி என்கிறாள். அவனும் பற்ற வைக்கிறான்! நுரையீரல் அரித்துப்போன பெண்ணின் தலைமாட்டில்! என் பேரன் அழுதுகொண்டிருக்கிறான், எனக்கு எழுந்துபோய் அந்த சிகரெட்டைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று இருந்தது.

அப்புறம் விசாரித்தால், நிஜ ஜிரோவின் மனைவிக்குக் காசநோயே இல்லையாம். தத்சுவோ ஹொரி என்ற எழுத்தாளர் 1930களில் எழுதிய நாவலில் இருந்து அந்தப் பெண்ணை எடுத்து இவர் கதையில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்தாளருக்கு நிச்சயம் செய்த பெண் நிஜமாகவே சானடோரியத்தில் காசநோயால் இறந்துபோனவர். சரி, ஒட்டியதுதான் ஒட்டினார்கள், எதற்கு? விமானம் நன்றாகப் பறந்த அன்றைக்கு அவள் சத்தம் போடாமல் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அழகாக இருந்த முகத்தையே அவன் நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்று போகிறாளாம். சோதனை ஓட்டத்துக்கு நடுவில் அவனுக்கு ஏதோ பொறி தட்டுகிறது, அவ்வளவுதான். அவன் தேடிக்கூடப் போவதாகக் காட்டவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் எத்தனை பேர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அழகாக யாரும் இல்லை. பக்கத்தில் ஆள் இருந்ததா இல்லையா என்பதுதான் அவர்களுக்குப் பெரிசு.

இவ்வளவு காவியமாக எழுதுகிற இந்த நோய் எப்படி அடங்கியது தெரியுமா? 1956இல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்திலும் மீதிப் பேரைக் குடிசையோ ஓலை வீடோ அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மாத்திரையைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. மலையும் கம்பளியும் தேவையில்லை, மாத்திரையை விடாமல் விழுங்கினால் போதும் என்று உலகத்துக்கே சொன்னது நம் சென்னை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூட அது ஒரு காரணம். இதைப் பற்றி யாராவது படம் எடுத்தால் நானே பேரனுக்குப் போட்டுக் காட்டுவேன்.

வரைபலகை

பெருந்துறை அம்மா, அந்த சிகரெட் காட்சியில் நீங்கள் கோபப்பட்டது சரிதான், நீங்கள் கோபப்பட வேண்டும் என்றுதான் அது இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜிரோவின் தங்கை ஒரு டாக்டர். அவளே வந்து அண்ணனைப் பிடித்துத் திட்டுகிறாள், நவோகோ படுத்துக் கிடப்பது உனக்குத் தெரிகிறதா இல்லையா என்று. இவர் காதில் ஏறவே இல்லை.

அதே போலத்தான் அந்தக் கேக் காட்சியும். வேலை முடிந்து வரும்போது தெரு விளக்கடியில் அக்காவும் தம்பியுமாக இரண்டு பசித்த பிள்ளைகள். ஜிரோ தன் கையில் இருக்கும் கேக்கை நீட்டுகிறார். அந்தப் பெண்பிள்ளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தம்பியை இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். நண்பன் ஹோன்ஜோ கேட்கிறான், சிரிப்பார்கள், நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாயா என்று. விமானத்துக்குக் கொட்டும் காசில் இந்த நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சாப்பாடு போடலாம் என்கிறான். சொல்லிவிட்டு அவனும் மறுநாள் வேலைக்குத்தான் போகிறான், குண்டு போடும் விமானம்தான் வரைகிறான். படம் ஜிரோவை மன்னிக்கவில்லை. அவரைத் திட்டுகிற ஆட்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது, அவர் யாருக்குமே பதில் சொல்வதில்லை.

மலை ஹோட்டலில் ஒரு ஜெர்மன்காரர் கீரையைக் கட்டுக் கட்டாகத் தின்றுகொண்டே சொல்கிறாரே, மறக்க இது நல்ல இடம், சீனாவோடு சண்டையா, மற, மஞ்சூரியாவா, மற என்று. அது படத்தைப் பார்க்கிற நமக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

நொய்யல்கரை

ஊத்துக்குளி அம்மணி சொன்ன அந்தப் பத்து வருஷ வெட்டு என் தலையில் உட்கார்ந்துவிட்டது. எனக்கு உறுத்தியது என்ன என்று இப்போது ஒழுங்காகச் சொல்ல வருகிறது. ஜிரோ போர்விமானம் செய்தது எனக்குப் பிரச்சினை இல்லை. படம் கணக்கை முடித்த இடம்தான் பிரச்சினை. சோதனை ஓட்டத்தோடு நிறுத்தியிருந்தால், சரி, ஒரு இன்ஜினியரின் கதை என்று விட்டுவிடலாம். ஜப்பானின் தோல்வி வரைக்கும் போனார்கள். இழவு வீட்டுக்குப் போய்விட்டுச் செத்தது யார் என்று கேட்காமல் வந்துவிட்டார்கள்.

வரைபலகை சொல்வதுபோல அது வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம். பிரமிடு இருக்கிற உலகம் வேண்டுமா, இல்லாத உலகம் வேண்டுமா என்று காப்ரோனி கேட்கிறார். ஜிரோ நேராகப் பதில் சொல்லவில்லை, அழகான விமானம் செய்ய வேண்டும் என்கிறார். கல் சுமந்தவனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

சிறுவாணி (பாலிடெக்னிக் வாத்தியார்)

ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இறுதியாண்டு மெக்கானிக்கல் பையன்களுக்கு இந்தப் படத்தைப் போடலாமா என்று யோசனை. நம் ஊரில் இன்ஜினியர் என்றால் ஜி.டி. நாயுடு படம் ஒன்று, அப்துல் கலாம் படம் ஒன்று மாட்டிவிட்டு, கடினமாக உழைத்தால் மேலே வரலாம் என்று முடித்துவிடுகிறோம். உழைத்து என்ன செய்வது என்ற பேச்சே வருவதில்லை. பிளேஸ்மென்ட்டில் ராணுவ உதிரிபாகம் செய்கிற கம்பெனிகளும் வருகின்றன. பையன்கள் கேட்பது சம்பளமும் ஷிப்டும் மட்டும்.

என் யோசனை இது. சோதனை ஓட்டம் முடிந்ததும் படத்தை நிறுத்திவிடுவது. விளக்கைப் போட்டு, அடுத்த பத்து வருஷத்தில் என்ன நடந்தது என்று பையன்களையே கேட்பது. கொழும்பு, சோங்சிங், நகோயாவில் அந்தப் பெண்பிள்ளைகள், 2018 தீர்ப்பு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மீதிப் படத்தை ஓட்டுவது.

சூலூர்ச்சத்தம்

படத்தை நடுவில் நிறுத்துவது அநியாயமுங்க. இன்டர்வெல் விட்டு அறிவுரை சொல்வதுபோல ஆகிவிடும். பையன்கள் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுவார்கள்.

ஊத்துக்குளிவெண்ணெய்

இதில் நான் சூலூர்க்காரர் பக்கம். முழுசாகப் போடுங்கள். அந்த வெட்டு அவர்கள் கண்ணில் படுகிறதா என்று முதலில் பாருங்கள். எனக்கே முதல் தடவை படவில்லை. மில் ஹாஸ்டலில் இருந்த யாராவது ஒருத்தியைக் கூப்பிட்டு உட்கார வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. இன்ஜினியரிங் பையன்கள் நடுவில் அவளும் படம் பார்க்கட்டும்.

பெருந்துறைவேம்பு

சிகரெட் காட்சி வரும்போது மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள் வாத்தியாரே. அதற்கு நானே வந்து பேசுகிறேன்.

காங்கேயத்தான்

மாடு வருகிற இடத்தில் யாரும் நிறுத்தக் கூடாது, சொல்லிவிட்டேன்.

சிறுவாணி (பாலிடெக்னிக் வாத்தியார்)

சரி, முழுசாகவே போடுகிறேன். படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல், பேச்சுக்கும் நேரம் வேண்டும், அதனால் மத்தியான லேப் இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும். பிரின்சிபாலிடம் இன்னும் கேட்கவில்லை. என்ன படம் என்பார், அனிமேஷன் என்றால் உடனே தலையாட்டிவிடுவார்.

சூலூர்க்காரரே, நீங்களும் வாங்க. உங்கள் பக்கத்து வாதத்தைப் பையன்களிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் எடுபடாது. நொய்யல்கரை அண்ணா, உங்களிடம் ஒன்றே ஒன்று. ரிஜெக்ஷனில் கிடக்கும் ஏதாவது பீஸும் அதன் டிராயிங்கும் கொண்டுவாருங்கள், கம்பெனி பேரை மறைத்துவிட்டு. அது எதற்கான பாகம் என்று பையன்கள் கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போம்.

நொய்யல்கரை

கொண்டுவருகிறேன். கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லச் சொல்லுங்கள்.